இறக்கக்கண்டித் துறையில் துறப்பணம் தந்த நெருப்பு

திருகோணமலைப் பட்டினத்திலிருந்து திரியாய்க்கு இருபத்தெட்டு மைல். சண்டைக்கு முன்னர் மோட்டார் வண்டி ஒன்றைப் பிடித்தால், காலையில் தேநீர் குடித்துப் புறப்பட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்கே போய் உட்காரலாம். இப்போது பெற்றோல் இல்லை. வண்டிகளில் பாதி இராணுவத்திடம் இருக்கிறது, மீதி சில்லில்லாமல் கிடக்கிறது. மாட்டு வண்டியும் தோணியுமாக ஒன்றரை நாள் வேண்டும். ஜப்பான்காரன் குண்டு போட்டபோது பிள்ளைகளையும் பெற்றோரையும் வடக்குக் கிராமங்களுக்கு அனுப்பிவிட்டுப் பட்டினத்தில் வேலைக்காகத் தங்கியிருப்பவர்கள் பலர். நான் புறப்படுகிறேன் என்று தெரிந்ததும் எங்கள் ஒழுங்கையில் நாலு வீட்டார் வந்து, வழி எப்படி என்று எழுதி அனுப்பச் சொன்னார்கள். ஆகவே எழுதுகிறேன். ஆனால் வழியில் நடந்ததைச் சொல்லாமல் வழியை மட்டும் சொல்ல என்னால் ஏலாது.

நான் போனது என் தங்கை இராசத்துக்காக. அவளும் கணவர் செல்லையாவும் குண்டுக்குப் பயந்து திரியாய்க்குப் போனவர்கள். அங்கே அவளுக்கு முறைக்காய்ச்சல் பிடித்துவிட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள், மத்தியானம் ஆனதும் பல் அடிக்கக் குளிர், பிறகு தீயாய்ச் சூடு. சென்ற ஞாயிறும் செவ்வாயும் வந்தது, கணக்குப்படி வியாழனும் வரும். அடுத்தது சனிக்கிழமை. "இன்னும் இரண்டு முறை தாங்கமாட்டாள், வெள்ளிக்கிழமை துறைக்கு வண்டி அனுப்புகிறேன்" என்று செல்லையா, உப்பு வண்டிக்காரர் ஒருவரிடம் வாய்ச்சொல்லாகச் சொல்லியனுப்பினார். கொயினா மருந்து வேண்டும். அது விளையும் யாவா தேசம் ஜப்பான்காரன் கையில் விழுந்ததிலிருந்து கொயினா பொன்னாகிவிட்டது. பட்டின ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரின் கதிரைக்கு முன்னால் வியாழன் முழுவதும் நான் இருந்தேன். பொழுதுபட, "அம்மா, நீங்கள் எழும்பமாட்டியள் போல" என்று சொல்லி ஒரு சுற்றுக்குப் போதுமான குளிசைகளை எண்ணித் தந்தார். அவற்றைச் சிறிய தகரப் பேணியில் போட்டு இடுப்பில் முடிந்துகொண்டேன். எனக்கு வயது அறுபத்தேழு. கணவர் காலமான பின் என் காரியங்களை நானே பார்த்து வருகிறேன். இதையும் நானே பார்க்கலாம் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை விடியப்புறம் நாலு மணிக்கு நாகமணியின் வண்டியில் புறப்பட்டோம். இறக்கக்கண்டித் துறை வரைக்கும் பதினொரு மைல், கூலி மூன்று ரூபாய். மாட்டுக்கு வைக்கோல் அவன் பொறுப்பு. பட்டின எல்லையில் ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய் வண்டியை மறித்து, பேணியில் என்ன என்று கேட்டான். கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் சிஸ்டர்மார் பிரம்பு வைத்துக் கற்பித்த இங்கிலீசில், முதலில் காலை வணக்கமும், பிறகு பேணியின் விவரமும், கடைசியில் பெண்களோடு பேசும்போது தொப்பியை என்ன செய்யவேண்டும் என்பதையும் சொன்னேன். அவன் தொப்பியைக் கழற்றினான். நாகமணி நிலாவெளி வரும் வரைக்கும் அதை நினைத்து நினைத்துச் சிரித்தான்.

நிலாவெளியில் மாட்டை அவிழ்த்து ஒரு மணித்தியாலம் நின்றோம். கடலில் அலை இல்லை, வானம் மட்டும் சாம்பல் பூசினதுபோல மூடிக் கிடந்தது. மாசி மழை முதல்நாள் இரவு ஒரு பாட்டம் பெய்து ஓய்ந்திருந்தது. இங்கேதான் நாகமணி ஒரு காரியம் செய்தான். எங்கள் இருவரிடமும் இருந்தது ஒரே தீப்பெட்டி, அதில் ஒரே குச்சி. அதைக் கிழித்துச் சுருட்டைப் பற்றவைத்தான். காற்று ஊதியது. சுருட்டும் நூந்தது, குச்சியும் நூந்தது. "நல்ல காலம் அம்மா, ஒரு குச்சிதான் போச்சு" என்றான். அப்போது நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

இறக்கக்கண்டித் துறைக்கு ஒன்பது மணி கழிந்து போய்ச் சேர்ந்தோம். களப்பு என்கிற காயல் நிறைந்து, கடலோரம் வாய் உடைத்து, வெள்ளம் இழுத்துக்கொண்டு ஓடியது. வண்டியோடு ஆட்களை ஏற்றும் பெரிய மிதவையை, பாதை என்பார்களே, அதைத் துறைமுக வேலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இருப்பது சின்னத்தம்பியின் தோணி ஒன்றுதான். அக்கரையில் செல்லையா அனுப்பிய வண்டி நிற்பதும், மாடு வால் அடிப்பதும்கூட எனக்குத் தெரிந்தது. கூப்பிடு தூரம். ஆனால் தோணி கரையில் கவிழ்ந்து கிடந்தது.

இந்தப் பக்கத்துத் தோணிகளுக்கு ஆணி கிடையாது. பலகையின் ஓரத்தில் வரிசையாக ஓட்டை போட்டு, தென்னங்கயிற்றால் தைப்பார்கள். பிறகு கயிறு ஓடிய ஓட்டைகளுக்குள் தும்பு அடைத்து, எண்ணெயோடு உருக்கிய குங்கிலியத்தை ஊற்றி மூடுவார்கள். சின்னத்தம்பியின் தோணியில் ஒரு பலகை பெயர்ந்துவிட, சல்லி என்ற ஊரிலிருந்து தச்சர் கணபதியைக் கூட்டிவந்து இரண்டு நாளாகப் புதுப்பலகை தைத்திருக்கிறார். தையல் அன்று காலைதான் முடிந்தது. குங்கிலியம் உருக்கவேண்டும். இரவு மழையில் அவர்களின் அடுப்பு நூந்துபோயிருந்தது. தீப்பெட்டி கடையில் வந்து ஒரு மாதமாகிறது.

"உங்களிட்ட நெருப்புப்பெட்டி இருக்குமெண்டு நினைச்சுச் சந்தோசப்பட்டன் அம்மா" என்றார் சின்னத்தம்பி. நான் நாகமணியைப் பார்த்தேன். நாகமணி மாட்டைப் பார்த்தான்.

"அடைக்காமல் விட்டால் என்ன?" என்று கேட்டேன்.

"ஓட்டை ஒண்டு ரெண்டில்லை. நடுக் களப்பில தண்ணி நிரம்பிப் போடும். இழுவையைப் பாருங்கோ, நீந்தவும் ஏலாது."

"என்ர ஓட்டையைக் குறை சொல்லாத" என்று தச்சர் கணபதி குறுக்கிட்டார். நாற்பது வயதிருக்கும், மார்பை நிமிர்த்தியே நடக்கிறவர். "அம்மா, வந்து பாருங்கோ. ஒவ்வொண்டும் ஒரே அளவு. கொட்டியாரத்தில இருந்து முல்லைத்தீவு மட்டும் இப்பிடி ஓட்டை போட ஆளில்லை."

"ஓம், போடத்தான் ஆள் வந்தது. அடைக்க ஆளில்லை" என்றார் சின்னத்தம்பி.

துறையில் அடுப்புப் புகைந்த வீடு ஒன்றே ஒன்று. பொன்னம்மா என்று ஒரு தனி மனுஷி, என் வயதுதான் இருக்கும். மற்றத் தமிழ் வீடுகளும் அப்பால் இருந்த முஸ்லிம் குடும்பங்களின் வீடுகளும் குண்டுக்குப் பிறகு பூட்டிக் கிடக்கின்றன. நாகமணி ஓடிப் போய் ஒவ்வொரு படலையாகப் பார்த்துவிட்டு வந்தான். பொன்னம்மாவிடம் நானே போனேன். என் தங்கையின் காய்ச்சலைச் சொன்னேன். அவள் கண் கலங்கியது. இளநீர் வெட்டித் தந்தாள். நெருப்பு மட்டும் தரமாட்டேன் என்றாள்.

"வெள்ளிக்கிழமை, அம்மா. இண்டைக்கு அடுப்பு நெருப்பு வாசல் தாண்டினா வீட்டுச் சீதேவி அதோட போயிடும். வேற என்ன வேணுமெண்டாலும் கேளுங்கோ."

குங்கிலியச் சட்டியை அவள் அடுப்புக்கே கொண்டுவந்து உருக்கலாமா என்று கேட்டேன். "அது பொங்கிப் பத்திச்செண்டா என்ர கிடுகுக் கூரை?" என்றாள். அதுவும் நியாயம். அவளைக் கோபிக்க எனக்கு வாய் வரவில்லை. வெள்ளிக்கிழமை என் வீட்டுப் படலையில் நின்று கேட்டால் நான் உப்புக்கூடக் கொடுக்கமாட்டேன். நாளைக்குக் கொடுப்பாள். நாளை மத்தியானம் இராசத்துக்குக் குளிர் வரும். துறையிலிருந்து திரியாய்க்கு இன்னும் பதினேழு மைல்.

திரும்பி வந்தபோது கணபதி, பொழுதுபோகாமல், மிஞ்சிய பலகைத் துண்டில் ஒரு ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய துறப்பணத்தை அப்போதுதான் கவனித்தேன். ஒரு கை நீளத் தண்டு, நுனியில் இரும்பு அலகு. தலையில் கவிழ்த்த சிரட்டை, அதை இடக்கையால் அமுக்குகிறார். வலக்கையில் வளைந்த வில், அதன் நாண் தண்டை ஒருமுறை சுற்றியிருக்கிறது. வில்லை முன்னும் பின்னும் இழுக்க, தண்டு பம்பரமாகச் சுழல்கிறது. அலகை எடுத்தபோது நுனியைத் தொட்டேன். சுட்டது!

மடத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு பெரிய படப்புத்தகம் இருந்தது. பனித் தேசத்து மனிதன் ஒருவன் இதே வில்லால், இதே தண்டால் நெருப்புக் கடைகிறான். மனிதனுக்கு இரும்பு தெரியுமுன்பே இந்த வில் தெரியும், ஓட்டை போட்டதும் அதுதான், குளிர் காய்ந்ததும் அதனால்தான் என்று சிஸ்டர் சொன்னார். நமக்கும் புதிதில்லையே! யாகத்துக்கு ஐயர்மார் அரணிக்கட்டையில் கயிறு சுற்றி நெருப்புக் கடைவதைக் கோயிலில் நானே கண்டிருக்கிறேன்.

"அலகைக் கழற்றும். வெறுந்தண்டில நெருப்பு எடுப்பம்" என்றேன்.

"அதுக்கு மந்திரம் வேணும் அம்மா."

"மந்திரம் ஐயருக்கு. உமக்குக் கை இருக்கு. இழும்."

"கொட்டியாரத்தில இருந்து முல்லைத்தீவு மட்டும்..." என்று நாகமணி தொடங்க, கணபதி சட்டென்று குந்தினார்.

முதலில் எல்லாம் பிழையாய்ப் போனது. தச்சர் தமக்குப் பெருமையான பாலை மரத்தை எடுத்தார், தண்டும் பாலை, பலகையும் பாலை. அரை மணித்தியாலம் இழுத்தார். கிளி கத்துவதுபோல் சத்தம் வந்தது, ஓட்டை கண்ணாடிபோல் மினுங்கியது, அவ்வளவுதான். பழக்கத்தில் நுனிக்கு எண்ணெய் வேறு தொட்டிருக்கிறார்! மரம் மென்மையாக இருக்கவேண்டும் என்றேன். எந்த மரம் என்று கேட்டார்கள். புத்தகத்தில் இருந்தது பனித் தேசத்து மரம், எனக்கு எப்படித் தெரியும்? சின்னத்தம்பிதான் குடிலுக்குள் போய், வலைக்குக் கட்டும் மிதப்புக் கட்டை ஒன்றைக் கொண்டுவந்தார். கடதாசிபோலப் பாரமில்லாத கட்டை, கூரையில் செருகிக் கிடந்ததால் எலும்பாகக் காய்ந்திருந்தது. தண்டுக்குக் காய்ந்த பூவரசங்கம்பு. குழியின் பக்கத்தில் ஒரு காடி, விளிம்பு வரைக்கும் ஒரு சின்னப் பிளவு, வெட்டச் சொன்னேன். படத்தில் காடி இருந்தது நன்றாக ஞாபகம்.

"ஓட்டைக்குப் பக்கத்தில வெட்டினா வெடிக்கும்" என்றார் கணபதி.

"வெடிச்சா நான் வேறை கட்டை வாங்கித் தாறன்."

முறைத்துக்கொண்டே வெட்டினார். இழுத்தார். இந்த முறை புகை! வெள்ளைப் புகை, நல்ல தடிப்பாக, மூக்கில் ஏறும் புகை. நாகமணி கை தட்டினான். கணபதி வில்லை நிறுத்தி, குனிந்து, குழியை "பூ" என்று ஊதினார். புகை போய்விட்டது. மறுபடி இழுத்தார், மறுபடி புகை, மறுபடி "பூ". மூன்றாம் முறை ஊதியபோது கருந்தூள் முழுவதும் என் மடியில் வந்து விழுந்தது. நான் உடுத்தியிருந்தது முதல்நாள் வெளுத்த வெள்ளைச் சேலை.

"கண் தெரியாதோ உமக்கு!" என்று தூளைத் தட்டினேன். தட்டிய விரல் சுரீர் என்றது. பார்த்தால், சேலையில் கடுகளவில் ஓர் ஓட்டை. ஓரம் கபில நிறமாகக் கருகியிருந்தது.

அந்த இடத்தில் எனக்கு விளங்கிவிட்டது. தச்சனுக்குத் தூள் குப்பை. ஓட்டை துப்புரவாக இருக்கவேண்டும் என்று, வில்லை நிறுத்தும்போதெல்லாம் ஊதித் தள்ளுவான். நெருப்பு இருந்ததோ அந்தத் தூளில்! காடி வெட்டுவது தூளைச் சேர்த்து வைக்கத்தான்.

"ஊதாதையும்! நெருப்பை நீரே ஊதி எறியிறீர்!" என்று கத்தினேன். களப்புக்கு அப்பால் செல்லையாவின் வண்டிக்காரனும் எழும்பி நின்று பார்த்தான்.

கணபதி என் சேலையைப் பார்த்தார், குழியைப் பார்த்தார். முகம் பூத்தது. உடனே இழுக்கத் தொடங்கினார். ஆனால் நிறுத்தியதும் வாய் தானாகக் குவிந்துவிட்டது, "பூ". நாங்கள் மூவரும் ஒன்றாகக் கத்தினோம்.

"இருபத்தைஞ்சு வருசம் ஊதின வாய், சொன்னாக் கேக்குமோ?" என்று அவரே தோள் சால்வையை எடுத்து வாயைச் சுற்றிக் கட்டிக்கொண்டார். அந்தக் கோலத்தில் மீண்டும் குந்தி, மூச்சு இரைக்க இரைக்க, வில்லை முழு நீளத்துக்கும் இழுத்தார். சின்னத்தம்பி கட்டையைக் காலால் மிதித்துக்கொண்டார். காடியில் தூள் நிறைந்து, பழுப்பாகி, கறுப்பாகி, மிளகளவு குவிந்தது. வில்லை நிறுத்திய பிறகும் அந்தக் குவியலிலிருந்து நூல்போலப் புகை வந்தது. உள்ளே ஒரு சிவப்புப் புள்ளி!

நான் சந்தோஷத்தில் குனிந்து ஊதினேன். விளக்கை ஊதுவதுபோல ஊதிவிட்டேன். தூள் நாலு பக்கமும் பறந்தது.

கணபதி சால்வையை வாயிலிருந்து இறக்கினார். "இப்ப ஆற்ற வாயைக் கட்டுறது, அம்மா?"

நான் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் கையில் கொப்புளம் எழும்பியிருந்தது. இன்னொரு முறைதான் ஏலும் என்றார். அப்போது பின்னால் ஒரு குரல்.

"தள்ளுங்கோ, இப்பிடியோ நெருப்பு ஊதுறது?" பொன்னம்மா! கையில் ஒரு பிடி தென்னந்தும்பு, உதறிப் பஞ்சாக்கியிருந்தாள். வேலிக்குள்ளால் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"நீங்கள் நெருப்புத் தரமாட்டியளே" என்றான் நாகமணி.

"தரமாட்டன்தான். இது ஆற்ற அடுப்பு நெருப்பு? ஒருத்தற்ற அடுப்புமில்லை. ஊதித் தாறதுக்கு வெள்ளி செவ்வாய் இல்லை."

கணபதி கடைசி முறை இழுத்தார். சிவப்புப் புள்ளி வந்தது. பொன்னம்மா அவசரப்படவே இல்லை. தூளைக் கத்தி நுனியால் தும்புக்குள் இறக்கி, குருவிக் கூட்டைப்போலப் பொத்தி, முகத்துக்கு நேரே பிடித்து, தூங்குகிறவர் மூச்சைப்போல மெல்ல ஊதினாள். புகை தடித்தது. அவள் கண்ணிலிருந்து நீர் வடிந்தது. ஊதினாள். திடீரென்று அவள் இரண்டு கைக்கும் நடுவில் சுவாலை எழும்பியது.

நாங்கள் போட்ட சத்தத்தில் கொக்குகள் எழும்பிப் பறந்தன. தச்சரும் தோணிக்காரரும் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். நான், எவர் முன்னாலும் அடக்கம் விடாத நான், குட்டிப் பெண்ணைப்போலக் கை தட்டினேன். மத்தியானம் பன்னிரண்டு மணி ஆகியிருந்தது. குங்கிலியம் உருகியது. தச்சர் தாம் போட்ட ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் அதை ஊற்றி மூடினார். ஓட்டை போட்டதும் அந்த வில், அதை மூட நெருப்புத் தந்ததும் அந்த வில். மனிதர் எத்தனையோ ஆயிரம் வருடமாக இதைக் கைவிடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் எனக்கு அன்றுதான் தெரிந்தது. இரண்டு மணிக்குத் தோணி தண்ணீரில் இறங்கியது. ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. அக்கரைக் கூலி ஐந்து சதம் என்றார் சின்னத்தம்பி. அன்று என்னிடம் வாங்க மறுத்தார்.

அக்கரையில் செல்லையாவின் வண்டியில் ஏறி, அன்றிரவு குச்சவெளியில் தங்கி, சனிக்கிழமை விடிய நாலு மணிக்குப் புறப்பட்டு எட்டு மணிக்குத் திரியாய் சேர்ந்தேன். முதல் குளிசையைக் கொடுத்தேன். "இவ்வளவு தூரம் இந்தக் கசப்பையோ கொண்டுவந்தியள்?" என்றாள் இராசம். மத்தியானம் குளிர் வந்தது. ஆனால் முன்னர் மூன்று மணித்தியாலம் ஆட்டியது, அன்று ஒரு மணித்தியாலத்தில் விட்டது.

இனிப் புறப்படுகிறவர்களுக்குச் சில சொல். பட்டின எல்லையில் நேரே பதில் சொல்லுங்கள், பயப்படவேண்டாம். மூன்று நாளைக்கு அரிசி கையில் இருக்கட்டும். தீக்குச்சியை அடைப்புள்ள போத்தலில் கொண்டுபோங்கள், சுருட்டுக் குடிக்கிற வண்டிக்காரரிடம் போத்தலைக் காட்டவேண்டாம். சின்னத்தம்பியின் தோணி ஐந்து பேரைத் தாங்கும், வண்டியும் மாடும் அக்கரையில் வேறு ஒழுங்கு செய்யவேண்டும். முடிந்தால் வெள்ளிக்கிழமையைத் தவிருங்கள். முடியாவிட்டால் பொன்னம்மாவிடம் நெருப்புக் கேட்கவேண்டாம். நல்ல தும்பு கேளுங்கள், தருவாள்.

இன்று திங்கட்கிழமை. இதை இராசத்தின் கட்டிலுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து எழுதுகிறேன். மறுபடியும் முறைநாள். போர்வைகளை மடித்துக் கால்மாட்டில் வைத்திருக்கிறோம். செல்லையா காலையிலிருந்து வாசலுக்கும் கட்டிலுக்கும் நடக்கிறார். பன்னிரண்டு மணி அடித்தது. அவள் கையைத் தொட்டேன், குளிரவில்லை. ஒரு மணி. நகம் நீலமாகவில்லை. செல்லையா நடப்பதை நிறுத்திவிட்டார். நான் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டு மணிக்குச் சற்று முன்னர் இராசம் கண்ணைத் திறந்து, மூக்கைச் சுளித்து, "அக்கா, குசினியில என்னவோ கருகுது. நீங்கள் இஞ்ச எழுதிக்கொண்டு இருக்கிறியள்" என்றாள். கருகியது நான் உலையில் வைத்த சோறு. முழுப் பானையும் போய்விட்டது. செல்லையா சிரிக்கிறார், கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரிக்கிறார். நான் எழும்பி வேறு அரிசி போடவேண்டும். இராசம் தனக்குப் பசிக்கிறது என்கிறாள்.